உழைத்த கையின் நோவு

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. விடாமுயற்சியின் பெருமையைச் சிறுவர்க்கு உணர்த்தும்பொருட்டு ஆசிரியர்கள் இதனை எடுத்துக் கூறுவது வழக்கம். ஆனால் இப்பழமொழியைக் கல்லின் பக்கத்தில் நின்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. எறும்பின் நடை மென்மையானது. ஒருமுறை ஊர்ந்தால் கல்லுக்கு யாதொரு சேதமும் இல்லை. பல்லாயிரம் முறை ஊர்ந்த பின்னரே அங்கு தடம் விழுகின்றது. மனிதனுடைய கைக்கும் இது பொருந்தும். பெரும் பாரத்தைத் தூக்கியதனாலன்றி, மிக இலேசான ஓர் அசைவை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை செய்தமையாலேயே நோவுற்றுச் சோர்ந்த கைகள் எண்ணிறந்தன.

இவ்வாறு ஒரே அசைவை மீள மீளச் செய்வதால் உண்டாகும் துன்பத்தை மீள்செயல் நோவு எனலாம். கணினி வந்த பின்னர்த் தோன்றிய புதுநோய் இஃது என்று பலர் கருதுகின்றனர். அக்கருத்துப் பிழையானது. இறகுப் பேனையின் காலத்திலும், உருக்குப் பேனையின் காலத்திலும், தந்திக் கருவியின் காலத்திலும் இந்நோவு மனிதரை வருத்தியது. ஒவ்வொரு முறையும், இந்நோவு உழைப்பாளியின் கையில் உள்ளதா, அன்றி அவருடைய மனத்தில் உள்ளதா என்னும் ஒரே வழக்கு மீண்டும் மீண்டும் எழுந்தது. ஆகவே இந்நோயின் வரலாறு மருத்துவத்தின் வரலாறு மாத்திரமன்று. தமக்கு நோகின்றது என்று உழைப்பவர் சொன்ன சொல் எப்பொழுது நம்பப்பட்டது, எப்பொழுது ஐயுறப்பட்டது என்பதன் வரலாறும் ஆகும்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் இத்தாலிய மருத்துவர் பேர்னாடினோ ரமாசினி. கார்ப்பி என்னும் ஊரிலே 1633 ஆம் ஆண்டிற் பிறந்த இவர், மொடேனா நகரிலே மருத்துவப் பேராசிரியராய் விளங்கினார். ஒருநாள் இவருடைய இல்லத்து மலக்குழியைத் துப்புரவாக்க வந்த தொழிலாளி ஒருவர் பெரும் பதற்றத்தோடு விரைந்து வேலை செய்வதைக் கண்டார். இத்துணை விரைவு எதற்கு என்று வினவினார். இக்குழியினுள் நாலு மணி நேரத்துக்கு மேல் நிற்பது கண்ணை இழப்பதற்கு ஒப்பாகும், இதனைப் பட்டவரன்றிப் பிறர் அறியார் என்று அத்தொழிலாளி விடையிறுத்தார். அவர் மேலே ஏறி வந்ததும் ரமாசினி அவருடைய கண்களை உற்று நோக்கினார். அவை சிவந்து மங்கியிருந்தன. இத்தொழில் செய்து பார்வை குன்றியோர் அந்நகரத்து வீதிகளிலே பிச்சையேற்று நிற்பதையும் அதன் பின்னர் அவர் கவனிக்கலானார்.

அன்று தொட்டு, தொழிலாளரின் பட்டறைகளுக்குத் தாமே சென்று அவர்களுடைய நோய்களை ஆராய்வதை ரமாசினி தம் கடமையாகக் கொண்டார். அதன் பயனாகத் தொழிலாளர் நோய்கள் பற்றி அவர் இலத்தீன் மொழியில் எழுதிய நூல் 1700 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோயாளியிடம் மருத்துவன் கேட்க வேண்டிய வினாக்களைப் பண்டைக் கிரேக்க அறிஞராகிய ஹிப்போகிரட்டீஸ் வகுத்திருந்தார். அவற்றோடு இன்னுமொரு வினாவையும் சேர்த்துக்கொள்ளுமாறு ரமாசினி அந்நூலிலே வேண்டினார். 'நீர் என்ன தொழில் செய்கின்றீர்?' என்பதே அவ்வினா. இன்று எளிதாகத் தோன்றும் இக்கேள்வி, அக்காலத்தில் மருத்துவருடைய நாவில் எழாத கேள்வியாகவே இருந்தது.

அந்நூலின் இரண்டாம் பதிப்பு, விரிவு செய்யப்பெற்று, பதுவா நகரிலே 1713 ஆம் ஆண்டில் வெளிவந்தது. புதிதாய்ச் சேர்ந்த பகுதிகளுள் ஒன்று, எழுதுவோரும் நொத்தாரிசுமாரும் அடையும் நோய்களைப் பற்றியது. அரசருடைய மாளிகைகளிலும் வணிகருடைய கடைகளிலும் கணக்கும் கடிதமும் எழுதி வாழ்ந்த இலிகிதர்களின் துன்பத்துக்கு ரமாசினி மூன்று காரணங்களைக் காட்டினார். இடைவிடாது ஓரிடத்தில் அமர்ந்திருத்தல் ஒன்று. கை எப்பொழுதும் ஒரே போக்கில் ஓயாது அசைதல் மற்றொன்று. எழுத்திலோ கணக்கிலோ பிழை நேர்ந்துவிடுமோ, அதனால் எசமானருக்கு நட்டமும் தமக்கு அவமானமும் வந்துவிடுமோ என்னும் மன அழுத்தம் மூன்றாவது.

அவர் நேரில் அறிந்த ஒரு நொத்தாரிசின் கதையையும் அங்கே சொல்லுகின்றார். வாழ்நாள் முழுவதும் எழுதி எழுதி நிறைந்த பொருள் ஈட்டிய அம்மனிதருக்கு முதலிற் கை முழுவதும் களைப்புத் தோன்றியது. எந்த மருந்தும் அதனைத் தணிக்கவில்லை. ஈற்றில் வலக்கை முற்றாகச் செயலிழந்தது. அவர் தளரவில்லை. இடக்கையால் எழுதப் பழகினார். ஆனால் சிறிது காலத்துள் அந்தக் கையையும் அதே நோய் பற்றிக்கொண்டது. இச்சிறு கதையிலே ஒரு பேருண்மை அடங்கியுள்ளது. கையை மாற்றினார், வேலையை மாற்றவில்லை. ஆதலின் நோயும் கைமாறி வந்தது. அடுத்த முந்நூறு ஆண்டு வரலாற்றிலும் இதே நிகழ்ச்சி வேறு வேறு வடிவங்களில் நடந்தேறியதைக் காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுத்து வேலை முன்னொருபோதும் இல்லாத அளவுக்குப் பெருகிற்று. வங்கிகளும், காப்புறுதி நிலையங்களும், புகையிரதக் கம்பனிகளும், அரசாங்கக் கந்தோர்களும் இலிகிதர்களால் நிறைந்தன. அதே வேளையில் இறகுப் பேனையின் இடத்தை, பேர்மிங்காம் நகரத்துத் தொழிற்சாலைகளில் ஆயிரம் ஆயிரமாய் உருவாகிய உருக்கு முனைப் பேனை பிடித்துக்கொண்டது. இறகு இடையிடையே தேயும். அதனைக் கத்தியாற் சீவிக்கொள்ளும்பொருட்டு எழுதுபவர் சற்று நிறுத்துவார். அச்சிறு பொழுதில் விரல்களுக்கு ஓய்வு கிடைக்கும். உருக்கு முனைக்கு இது வேண்டியதில்லை. உருக்கின் விறைப்பே கைப்பிடிப்புக்குக் காரணம் என்று அக்கால மருத்துவர் சிலர் குறை கூறினர்.

1830 களில் பிரித்தானிய நரம்பியல் அறிஞர் சேர் சாள்ஸ் பெல் எழுதுவோரின் கைப்பிடிப்பைத் தம் நூலில் விவரித்தார். 1864 ஆம் ஆண்டில் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையின் சத்திர வைத்தியர் சாமுவேல் சொலி இதனைப் பற்றி ஆற்றிய விரிவுரைகள் 'லான்செற்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளியாயின. நோயின் இருப்பிடம் கையன்று, முதுகந்தண்டினூடு செல்லும் நரம்புத் தண்டே என்று அவர் எண்ணினார். அவர் காட்டிய இடம் பிழையாயினும், பேனையைப் பிடித்த உடனே முறுக்கிக்கொள்ளும் விரல்கள் வேறு வேலைகளை இலகுவாகச் செய்வதைக் கண்டு, விரலுக்கு அப்பாலும் காரணத்தைத் தேட வேண்டும் என உணர்ந்தவர்களின் வரிசையில் அவருக்கும் இடமுண்டு.

இக்காலத்திலேதான் நோயாளியின் மனவியல்பு விசாரணைக்கு வந்தது. இலண்டனின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், 1888 ஆம் ஆண்டில் எழுதிய பெருநூலில், இத்தகைய நோய்களைத் தொழில் சார்ந்த நரம்புக் கோளாறுகள் என ஒரு தொகுதியாக்கினார். நரம்புத் தளர்ச்சியுடையோரை இவை எளிதிற் பற்றுகின்றன என்பது அவர் கருத்து. அமெரிக்க மருத்துவர் ஜோர்ச் பியேட் 1879 ஆம் ஆண்டில் இதற்கு மாறாகவே எழுதியிருந்தார். நூற்றுக்கு மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்த அவர், உடல் வலிமை மிக்கோரிடமே இந்நோய் பெரிதும் காணப்படுகின்றது, மெலிந்த நரம்புடையோரிடம் அரிதாகவே உள்ளது என்றார். நரம்புத் தளர்ச்சி என்னும் கொள்கையை உலகெங்கும் பரப்பியவரே பியேட் என்பது இங்கு நினைக்கத்தக்கது. தம் கொள்கையை நிலைநாட்ட வாய்ப்பாயிருந்த இடத்திலும் அவர் கண்டதையே எழுதினார்.

கவர்ஸிடமிருந்து பயனுள்ள மற்றொரு செய்தியும் கிடைக்கின்றது. சுருக்கெழுத்தில் அளவற்ற ஈடுபாடு கொண்டிருந்த அவர், எழுதும் முறைகளைக் கூர்ந்து நோக்கினார். மணிக்கட்டையோ சிறு விரலையோ மேசையில் ஊன்றி, விரல்களை மாத்திரம் அசைத்து எழுதுவோர்க்கே நோய் மிகுதியாய் வந்தது. தோளிலிருந்து கை முழுவதையும் அசைத்து எழுதுவோர் பெரும்பாலும் தப்பினர். நோயாளியின் குணத்தைக் குறை கூறிய அதே நூலில், வேலை செய்யும் முறையை மாற்றினால் நோயைத் தவிர்க்கலாம் என்பதற்கான சான்றும் இருந்தது.

இவ்விவாதம் நடந்துகொண்டிருக்கையிலேயே வேறொரு கருவி உலகெங்கும் பரவியிருந்தது. 1844 ஆம் ஆண்டு மே மாதத்தில் வாஷிங்டனிலிருந்து பால்ட்டிமோர் நகருக்கு மோர்ஸ் தம் தந்தியை அனுப்பினார். அதன் பின்னர்ப் புள்ளியும் கோடுமாகிய தந்திமொழியை நாள் முழுவதும் தட்டிக்கொண்டிருப்பதே ஒரு தொழிலாயிற்று. ஒரு சாவியை மேலும் கீழுமாக அழுத்துவதைத் தவிர மணிக்கட்டுக்கு வேறு வேலை இல்லை. தந்தியாளருடைய கை ஒருநாள் திடீரெனக் கட்டளைக்கு அடங்க மறுத்தது. புள்ளி இட வேண்டியவிடத்துக் கோடு விழுந்தது. அமெரிக்கத் தந்தியாளர் இதனைக் 'கண்ணாடிக் கை' என அழைத்தனர். நீண்டகாலத் திறமையே மூலதனமாய் உள்ள ஒருவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறு யாது?

இதற்கு இருவகை மாற்றுகள் தேடப்பட்டன. ஒன்று கருவியைத் திருத்துவது. அமெரிக்கராகிய ஹொரஸ் மாட்டின் 1904 ஆம் ஆண்டில் புதுவகைச் சாவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதிலே கை மேலும் கீழும் அசைவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் அசையும். ஒரு முறை தள்ளினால் ஒரு வில் தானே அதிர்ந்து புள்ளிகளை வரிசையாய் இடும். பல அசைவுகள் ஓர் அசைவாய்க் குறைந்தன.

மற்றொன்று சட்டத்தின் வழி. பிரித்தானியப் பாராளுமன்றம் 1906 ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், விபத்துக்கு மாத்திரமன்றித் தொழிலால் வரும் சில நோய்களுக்கும் நட்டஈடு கிடைக்க வழி செய்தது. 1908 ஆம் ஆண்டில் தந்தியாளர் கைப்பிடிப்பும் அந்நோய்ப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. வெளியே காயமில்லாத, எலும்பு முறியாத, கண்ணாற் காண இயலாத ஒரு கைநோவு சட்டத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டது பெரியதொரு செய்தியாகும்.

ஆயினும் அந்த ஏற்பு ஐயத்தை நீக்கிவிடவில்லை. தபாற் பகுதியார் நியமித்த விசாரணைக் குழு 1911 ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. மீண்டும் மீண்டும் நேரும் களைப்பு ஒரு காரணம், தந்தியாளருடைய நரம்பின் உறுதியின்மை மற்றொரு காரணம் என அது முடிவு செய்தது. நோயின் பாதிப் பொறுப்பு இவ்வாறு நோயாளியின் இயல்பின்மீது ஏற்றப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நட்டஈடு பெறும் உரிமையைப் பெற்ற கை, இப்பொழுது தன் நற்குணத்துக்குச் சான்று காட்ட வேண்டிய நிலைக்கு உள்ளாயிற்று.

இதற்கிடையே உடற்கூற்று அறிஞர்கள், வேறொரு வழியில், கண்ணுக்குப் புலனாகும் காரணங்களைக் கண்டு வந்தனர். சுவிற்சலாந்துச் சத்திர வைத்தியர் பிரிற்ஸ் த கெர்வேன் 1895 ஆம் ஆண்டில் ஐந்து நோயாளரை விவரித்தார். பெருவிரலை அசைக்கும் தசைநாண்கள் மணிக்கட்டருகே ஓர் உறையினூடு செல்கின்றன. அவ்வுறை தடித்து ஒடுங்குவதால் நாண் உராய்ந்து நோகின்றது என்பதை அவர் காட்டினார். துணி பிழிந்து துவைக்கும் பெண்களிடமும், பச்சிளங் குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாரிடமும் காணப்படும் நோவு இது.

மணிக்கட்டின் உட்புறத்தே எலும்பும் தசைநாரும் சூழ்ந்த ஒடுங்கிய பாதை ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் நாண்கள் ஒன்பதும் நடு நரம்பும் அதனூடே செல்கின்றன. அப்பாதையில் நெருக்கம் மிகுந்தால் நரம்பு நசுங்கும். பெருவிரலும், சுட்டுவிரலும், நடுவிரலும் விறைத்துக் குத்தும். இரவில் நித்திரை கலையும். கையை உதறினாற் சற்றுத் தணியும். 1947 ஆம் ஆண்டில் இலண்டனிலே றசல் பிரெயினும் அவர் துணைவரும் இவ்வாறு துன்புற்ற ஆறு பேருக்குச் சத்திரசிகிச்சையாற் சுகம் உண்டானதை எடுத்துரைத்தனர். 1950 ஆம் ஆண்டு தொட்டு அமெரிக்க நாட்டுக் கிளீவ்லன்ட் நகரத்து ஜோர்ச் பேலன் இதனை மருத்துவர் பலரும் அறியச் செய்தார். மணிக்கட்டைச் சற்று நேரம் மடக்கி வைத்து நோயை அறியும் அவருடைய சோதனை இன்றும் கையாளப்படுகின்றது. ஆயினும் இந்நரம்பு நெருக்கம் வேலையால் மாத்திரம் வருவதன்று. நீரிழிவும், கருவுற்றிருத்தலும், கேடயச் சுரப்பிக் குறைவும் இதனை உண்டாக்கலாம்.

சொலியும் கவர்ஸும் கண்ட எழுதுவோர் கைப்பிடிப்புக்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. 1982 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று, அந்நோயாளரிடம் மனநோயின் அடையாளம் ஏதும் மிகுதியாய் இல்லை என்றும், தசைகளை ஏவும் மூளையின் ஒழுங்கு குலைவதே அப்பிடிப்பு என்றும் காட்டியது. தலைமுறை தலைமுறையாக மனத்தளர்ச்சி என்னும் பழியைச் சுமந்தவர்கள் மெய்யான நோயாளர் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. அவர்கள் அத்தெளிவைக் காண உயிரோடிருக்கவில்லை.

ஒரு நோய் இவ்வாறு தெளிந்துகொண்டிருக்கையில் மற்றொரு வழக்கு அவுஸ்திரேலியாவில் மூண்டது. தட்டெழுத்துப் பொறியில் வேலை செய்தவர் வரி முடிந்ததும் உருளையைத் தள்ளுவார், தாள் முடிந்ததும் மாற்றுவார். இவ்வசைவுகள் விரலுக்கும் தோளுக்கும் ஓய்வாயமைந்தன. கணினியின் விசைப்பலகை அவ்வோய்வையும் நீக்கிற்று. இறகைச் சீவும் பொழுது உருக்கு முனையால் மறைந்தது போன்றதே இதுவும். 1981 முதல் 1985 வரையுள்ள ஐந்தாண்டுகளில், அந்நாட்டின் அரச தொலைத்தொடர்பு நிறுவனத்தில் மாத்திரம் ஏறக்குறைய 4,000 முறைப்பாடுகள் பதிவாயின. கந்தோர்களில் முறையிட்டோரிற் பெரும்பாலோர் பெண்கள். பத்திரிகைகளும் மக்களும் இந்நோவைக் 'கங்காருப் பாதம்' என நகையாடினர். நட்டஈட்டுக்காக நடிக்கின்றனர் என்றனர் சிலர். இது மனக்கோளாறே என்றனர் மருத்துவருள் ஒரு சாரார். இது தசையின் காயமே என்றனர் மற்றொரு சாரார். 1987 ஆம் ஆண்டில் விக்டோரியா மாநில உயர் நீதிமன்றத்தில் நடந்த முக்கியமான வழக்கொன்றிலே, வேலை கொடுத்தோர்மீது கவலையீனம் இல்லை என யூரிமார் தீர்த்தனர். முறைப்பாடுகளும் 1985 ஆம் ஆண்டுக்குப் பின்னர் விரைவிற் குறைந்தன.

அந்நிறுவனத்தின் கணக்கில் ஓர் ஆச்சரியமும் இருந்தது. விசைகளை மிகுதியாகத் தட்டிய தந்தியாளரைவிட, குறைவாகத் தட்டிய தொலைபேசி இயக்குநரே பன்மடங்கு மிகுதியாக நோவுற்றனர். ஆகவே தட்டுக்களின் எண்ணிக்கை ஒன்றே காரணமாகாது. இதனைக் கொண்டு நோவு பொய் என்று சொன்னோரும் உளர். ஆனால் ரமாசினியின் மூன்று காரணங்களை நினைவுகூர்வோர் இதனை வேறு விதமாகவும் நோக்கலாம். ஓயாத அசைவு அவற்றுள் ஒன்றே. அசையாது அமர்ந்திருத்தலும், பிழை நேருமோ என்னும் அச்சமும் ஏனைய இரண்டு. மனத்தில் அழுத்தம் மிகுந்தால் தோளும் கழுத்தும் தம்மை அறியாமலே இறுகுகின்றன. இறுகிய தசைக்குக் குருதி செவ்வனே செல்வதில்லை. நோவு நெடுநாள் நீடித்தால், நோவை உணரும் நரம்புகளே கூர்மையுற்றுச் சிறு அசைவையும் பெருநோவாய் உணர்த்துகின்றன. கையா மனமா என்னும் வினாவே குறைபாடுடையது. இரண்டும் ஓர் உடலுக்குரியன. அவ்வுடல் ஒரு வேலையில் அமர்த்தப்பட்டிருக்கின்றது.

இவ்வரலாற்றிலிருந்து சிகிச்சையின் நெறியும் விளங்கும். முதலாவது, நோவின் வகையை அறிதல். நாணுறை ஒடுங்கிய நோவுக்கு, பெருவிரலை அசையாது நிறுத்தும் கட்டும், வேண்டுமிடத்து உறையினுள் இடும் ஊசிமருந்தும் பயன்படுகின்றன. நரம்பு நெருக்கத்துக்கு இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் கட்டு முதற் படி. அதனால் தணியாதாயின் ஊசிமருந்தும், ஈற்றிற் சத்திரசிகிச்சையும் உள்ளன. விறைப்பு நீங்காதிருந்தாலோ, பெருவிரலடித் தசை மெலிந்தாலோ, பிடித்த பொருள் கைநழுவினாலோ வைத்தியரிடம் காட்டத் தாமதித்தல் ஆகாது. காலங் கடந்தால் மெலிந்த தசை மீளாமற் போகலாம்.

யாதொரு குறியும் புலப்படாமல் கை முழுவதும் பரவும் நோவுக்கு, நெடுநாட் கட்டிவைத்தல் நன்மை செய்யாது. அசைவு அற்ற கை மேலும் வலுவிழக்கும். சில நாள் வேலையைக் குறைத்து, பின்னர் சிறிது சிறிதாகப் பயிற்சியைக் கூட்டுவதே ஏற்றது. நோவைப் பொறுத்துக்கொண்டு முன்போலவே உழைப்பதும், நோவுக்கு அஞ்சிக் கையை முற்றாக முடக்குவதும் ஆகிய இரண்டும் தவறு.

இரண்டாவதும் முதன்மையானதும் வேலையைத் திருத்துதல். முழங்கை உடலோடு ஒட்டி நிற்கவும், மணிக்கட்டு மேலோ கீழோ வளையாதிருக்கவும் மேசையின் உயரம் அமைதல் வேண்டும். நெடுநேரம் உழைத்து நெடுநேரம் ஓய்வதைவிட, இடையிடையே எழுந்து சிறுபொழுது வேறு வேலை செய்வது நலம். ஆனால் இவற்றுட் பல உழைப்பவரின் விருப்பத்தைப் பொறுத்தன அல்ல. மேசையை வாங்குபவரும், வேலையின் வேகத்தை விதிப்பவரும் வேறொருவர். இதனை உணர்ந்தே 1990 ஆம் ஆண்டில் ஐரோப்பிய சமூகம், கணினித் திரை முன் வேலை செய்வோர்க்கு இடையிடையே ஓய்வோ வேலை மாற்றமோ அளித்தல் வேலை கொடுப்போரின் கடமை எனப் பணித்தது. 1908 ஆம் ஆண்டின் சட்டம் கெட்டுப்போன கைக்கு நட்டஈடு வழங்கிற்று. 1990 ஆம் ஆண்டின் சட்டமோ கை கெடுவதற்கு முன்னரே வேலையைத் திருத்துமாறு கட்டளையிட்டது. இரண்டுக்குமிடையே எண்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

இன்று எழுதுபொறி சட்டைப்பையினுள் வந்துவிட்டது. கைத்தொலைபேசியின் சிறு திரையிலே பெருவிரல் ஓயாது ஓடுகின்றது. கருவி மீண்டும் ஒருமுறை மாறியது, கை மாறவில்லை. ரமாசினி கண்ட நொத்தாரிசின் வலக்கை நோவுற்றபோது, நீர் ஏன் இத்துணை எழுதுகின்றீர், சற்றுக் குறைத்தல் ஆகாதோ என்று அவரைக் கேட்டவர் எவருமிலர் போலும். நோகின்றது என்று ஒருவர் சொல்லும்போது, அது மெய்யோ பொய்யோ என்று ஆராயப் புகுவதற்கு முன், நீர் என்ன தொழில் செய்கின்றீர், அதனை எவ்வாறு செய்கின்றீர் என்று கேட்பதே அறிவுடைமையும் அன்புடைமையும் ஆகும். அவ்வாறு கேட்பவர்க்கு நோயின் முதலும் புலனாகும். அது தீரும் வழியும் புலனாகும்.